அலகின் விலையும் ஆபத்தின் விலையும்

மின்சாரம் பற்றி நம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன: ஓர் அலகின் விலை என்ன? அணுமின்னை ஆதரிப்போர் அதன் எரிபொருட் செலவு குறைவு என்பர்; தனியார்மயத்தை ஆதரிப்போர் போட்டி வந்தால் விலை இறங்கும் என்பர். இவ்விரு வாதங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கணக்குப் பிழைத்துவிட்டால் இழப்பைச் சுமப்பவர் யார் என்பதை இரு சாராரும் விலைக்குள் சேர்ப்பதில்லை.

தனியார்மயத்தை முதலில் நோக்குவோம். 1969 இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையைப் பிரித்துக் கம்பனிகளாக்கும் சட்டம் 2024 இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு வந்த திருத்தம் அக்கம்பனிகளின் உடைமையை அரசிடமே நிறுத்தியதால், ஆபத்து நீங்கிற்று என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் தனியார் மின்னாக்கம் இந்நாட்டுக்குள் 1990களிலேயே ஒப்பந்தங்களின் வழியாக நுழைந்துவிட்டது. எண்ணெயில் இயங்கும் நிலையங்களுடன் செய்யப்பட்ட இத்தகைய ஒப்பந்தங்களில் இருவகைக் கொடுப்பனவுகள் உள்ளன: ஒன்று பெற்ற மின்சாரத்துக்கானது, மற்றது நிலையம் ஆயத்தமாக நிற்பதற்கானது. மின்சாரத்தைப் பெறாவிடினும் இரண்டாவதைக் கொடுத்தேயாக வேண்டும். எண்ணெய் விலை ஏறினாலும் அதன் சுமை வாங்குபவரையே சேரும். துணிந்து முதலிடுபவனுக்கு இலாபம் கூலி என்று பொருளியல் பாடநூல்கள் கூறுகின்றன. இங்கே துணிவு எங்கே இருக்கிறது?

இந்திய மகாராட்டிரத்தில் என்ரோன் கம்பனி அமைத்த தாபோல் நிலையம் இதற்குப் பெரும் சான்று. 1999 இல் அது மின்சாரம் வழங்கத் தொடங்கியது; விலை தாங்காமல் மாநில மின்சார சபை 2001 இல் வாங்குவதை நிறுத்தியது. மாநிலம் தவறினால் தான் கொடுப்பதாக மத்திய அரசு முன்னரே உத்தரவாதம் அளித்திருந்தது. என்ரோன் அவ்வாண்டு இறுதியில் முறிந்தது. நிலையம் பின்னர் அரசுத்துறை நிறுவனங்களின் தலையில் விழுந்தது.

இதனால் அரச சபை குற்றமற்றது என்று வாதிடுவதற்கில்லை. 2014 முதல் 2022 வரை கட்டணத்தை அசையாது வைத்திருந்து, நாடு முறிந்த வேளையில் முழுப் பாரத்தையும் இறக்கியமை அரசியல் கோழைத்தனமேயாகும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூட்டப்பட்டது. மாதம் 30 அலகு பாவிக்கும் ஏழை வீட்டின் கணக்கைப் பார்த்தால் இவ்வீதங்களும் பொய்யாகத் தோன்றும். அலகுக்கு 2.50 ரூபாவும் நிலைக் கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்திய வீடு, அலகுக்கு 30 ரூபாவும் நிலைக் கட்டணம் 400 ரூபாவுமாக 1,300 ரூபா செலுத்த நேர்ந்தது. ஏறத்தாழப் பன்னிரு மடங்கு! பின்னர் அது குறைக்கப்பட்டது உண்மை. ஆயினும் மருதமுனையின் நெசவுக் குடும்பத்துக்கும் கல்முனைக்குடியின் மீனவக் குடும்பத்துக்கும் அந்த மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. ஐஸ் விலை ஏறினால் மீனவன் மீனைக் கரையிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். இது எந்த மின்பட்டியலிலும் பதியப்படாத செலவு.

அணுமின்னில் இதே அமைப்பு மேலும் பெருத்துக் காணப்படுகிறது. அதன் செலவிற் பெரும்பகுதி கட்டி முடிப்பதற்கானது. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி வளர்கிறது. கூடங்குளத்துக்கான உடன்படிக்கை 1988 இல் கைச்சாத்தானது. முதல் உலை மின்வலையமைப்புடன் இணைந்தது 2013 இல். முதலிரு உலைகளுக்கு 13,171 கோடி இந்திய ரூபாவென்ற மதிப்பீடு 17,270 கோடியாகத் திருத்தப்பட்டது. உலையை மூடிக் கலைப்பதற்கும், கழிவைத் தலைமுறைகளுக்குக் காவல் காப்பதற்குமான செலவு அதன் பின்னர் வருவது.

தனியார் உடைமையும் அணுமின்னும் ஒருங்கே சேர்ந்தால் நிகழ்வதை யப்பான் காட்டிற்று. புகுஷிமா உலைகள் டோக்கியோ மின்சாரக் கம்பனி என்ற தனியார் நிறுவனத்துக்குரியவை. 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை அவற்றைச் சிதைத்தபின், 2012 இல் அரசே அக்கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை ஏற்க வேண்டியதாயிற்று. சுத்திகரிப்புக்கும் நட்டஈட்டுக்குமான செலவை 2016 இல் யப்பானிய அரசு 21.5 இலட்சம் கோடி யென் என மதிப்பிட்டது. இலாபம் கண்ட காலத்தில் கம்பனி தனியாருடையது. இழப்பு வந்ததும் அது பொதுமக்களுடையதாயிற்று.

பேரலை என்பது எமது கரைக்கு ஏட்டுச் சொல் அன்று. 2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் மருதமுனையையும் அழித்த அதே அலை, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் பகுதிக்குள்ளும் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அங்கு பணியாற்றியோரின் திறமையை நாம் மதிக்கவே வேண்டும். எனினும் அணுவுலையைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டுமெனின் நிலையம் கடற்கரைக்கே வந்தாக வேண்டும். எமது சிறிய மின்வலையமைப்போ 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டுபோகும் நிலையில் உள்ளது. மொத்தம் 900 மெகாவாட் கொண்ட நுரைச்சோலை நிலையம் அன்று நின்று, மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன.

அணு விபத்து நேர்ந்தால் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாவுக்கு மேற்படாது என்று இந்தியா 2010 இல் இயற்றிய சட்டம் வரம்பிட்டது. புகுஷிமாவின் கணக்கோடு ஒப்பிட்டால் அத்தொகை மிகச் சொற்பம். இலங்கைக்கும் அணுமின் வேண்டுமென்று பேசப்படும் மேடைகளில் அலகின் விலையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். எமது வரம்பு எவ்வளவாக இருக்கும் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.