கனூத் போட்ட நம்பர்கள்

கஷ்டமான பாடம் படிக்க "பொறுமை வேணும்"னு எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு பொறுமை என்று யாரும் சொல்வதில்லை. நான் படித்தவரையில் அதற்கு நம்பர் போட்டே கொடுத்த ஆள் டொனால்ட் கனூத்.

1968-ல் முதல் தொகுதி வந்த 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 0 முதல் 50 வரை ஒரு எண் உண்டு. 10 என்றால் ஒரு நிமிஷ வேலை. 20-க்குக் கால் மணி, இருபது நிமிஷம். 30-க்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலே போகலாம், டி.வி. ஓடினால் இன்னும் இழுக்கும் என்று கிண்டல் வேறு. 50 என்றால் இன்னும் யாரும் சரியாகத் தீர்க்காத ஆராய்ச்சிக் கேள்வி. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு முதலில் 50 கொடுத்திருந்தார். ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்த பிறகு, 1997 பதிப்பில் அது 45!

நம்ம இன்ஜினியரிங் பரீட்சையில் இருந்த ரெண்டு மார்க், பதினாறு மார்க் எல்லாம் விடையின் நீளத்தைத்தான் சொல்லும், கடினத்தை அல்ல.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு நுணுக்கம். எண்ணை 5-ஆல் வகுத்தால் வரும் மீதி, உட்கார்ந்து செய்யவேண்டிய விவர வேலையின் அளவு. 24 போட்ட கணக்கு 25-ஐ விட அதிக நேரம் பிடிக்கலாம். ஆனால் 25-க்குத்தான் புது யோசனை அதிகம் வேணும். மாட்டிக்கொள்வதிலும் இந்த ரெண்டு வகை இருக்கிறதல்லவா? முதல் வகைக்கு நாற்காலியை விட்டு எழக்கூடாது. ரெண்டாவதுக்கு எழுந்து ஒரு நடை போய்விட்டு வருவதே மேல். எது எதுன்னு தெரியாமல்தான் பாதிப்பேர் "நமக்கு மண்டையில ஏறாது"ன்னு புத்தகத்தை மூடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இந்த நிமிஷக் கணக்கெல்லாம் கணிதப் பழக்கம் உள்ளவருக்கானது. வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் படிக்கிறவரை அவர் நினைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, எண்கள் பயிற்சிகளுக்கு மட்டும்தான். முதல் தொகுதியின் ஆரம்பத்திலேயே நூறு பக்கத்துக்கு மேல் கணித அடிப்படைகள் வருகின்றன. அதில் ஒரே பத்தி ஒரு சாயங்காலத்தை விழுங்கிவிடும். அதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது.

அதனால் பத்திகளுக்கும் கணக்குகளுக்கும் பக்கத்தில் எனக்கு ஆன நேரத்தை பென்சிலால் குறித்து வருகிறேன். 20 போட்ட கணக்குகளில் இப்போதைக்கு அவர் சொன்னதைப்போல் மூணு மடங்கு.