பட்டில் பறவை பார்ப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதிப் புடவைக் கடைகளில் அன்னத்துக்கும் மயிலுக்கும் பஞ்சமில்லை. அங்கே வாங்கிய காஞ்சிபுரம் கூறைச்சேலை, வருடங்கள் போனபின் யன்னல் திரையாகவோ குஷன் உறையாகவோ மாறுவதுண்டு. ரசிக்கப் பழக அதுவே வசதி. கோயில் திரைச்சீலையைப் புரட்டிப் பார்க்கக் குருக்கள் விடமாட்டார்.

துணியைப் புரட்டுங்கள். நெய்த பறவையென்றால் பின்பக்கம் சரிகை இழை தளர்ந்து ஓடும், அல்லது வெட்டிய நுனிகள் தெரியும். முன்பக்கம் கழுத்து வளைவை உற்றுப் பாருங்கள்; பொடிப்பொடிப் படிகளாக ஏறும். ஊசிவேலையில் அந்தப் படிகள் இருக்காது. இன்னொன்று: சேலையை நெடுக்காகத் தொங்கவிட்டால் கரை அன்னங்கள் எல்லாம் படுத்துவிடும். விவரமான தையல்காரர் குறுக்காகப் போட்டு இணைத்துத் தைப்பார்.

எதிரெதிர் நிற்கும் சோடி அன்னத்தைத் தாம்பத்தியத்தின் அடையாளம் என்பார்கள். சரிதான். ஆனால் தறிக்கும் அதில் ஆதாயம் உண்டு: பாதி உருவத்துக்குச் செய்த இழை ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டால் மறுபாதி வந்துவிடும். இருதலைப்பட்சியைக் கவனியுங்கள், நடுவே ஓர் உடல், பக்கத்துக்கொரு தலை. தறிக்கென்றே பிறந்த பறவை! பிரான்சின் ஓசேர் நகரில் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டுப் பைசாந்தியப் பட்டொன்று இருக்கிறது. அதில் நெய்த கழுகுக்கு உடல் இருபக்கமும் ஒன்றுபோல; தலை மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். நெசவாளி கூடுதலாகப் பாடுபட்ட இடம் அந்தத் தலைதான்.

முருகனின் வேல்பட்டுச் சூரன் பிளந்தபோது ஒரு கூறு மயிலானது, மறுகூறு சேவலானது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் ஊர்வலம் வரும்போது சேவலைக் கொடியில் தேடுங்கள். சேலைக்காரர்கள் மயிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சேவல் கூவும் பட்டு அபூர்வம். எனக்கு அது ஒரு குறைதான்.

கொட்டாஞ்சேனையில் பறவை மாறும். கத்தோலிக்கப் பூசை உடையிலும் பீடத்துணியிலும் இறக்கை விரித்து இறங்கும் புறா, தூய ஆவி. இதுவும் தறிக்கு இசைவான உருவம். பெலிக்கன் அப்படியல்ல. தன் மார்பைக் கொத்தி இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் அது கிறிஸ்துவின் அடையாளம். கழுத்தை ஒரு பக்கம் வளைத்தே ஆகவேண்டும். அதனால் பெரும்பாலும் ஊசிவேலையாகவே காண்பீர்கள். குஞ்சுகளையும் எண்ணுங்கள், வழக்கமாக மூன்று இருக்கும்.