ஆரவாரமும் ஈகையும்: ஹாலோவீன் நிதிக்காட்சி பற்றிய ஒரு திறனாய்வு

அக்டோபர் 31ஆம் நாள் சீர்திருத்தச் சபைகளுக்கு ஒரு பொருளைத் தருகிறது. உலகின் கடைவீதிகளுக்கு வேறொரு பொருளைத் தருகிறது. 1517இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்திற்கு எதிராகத் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள் என நாம் அதனை நினைவுகூருகிறோம். சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பழம்பொருளை ஏறக்குறைய மறந்துவிட்ட உலகமோ, பேய்வேடமும் இனிப்பும் கேளிக்கையுமாக அதே நாளை 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறது. சென்னையைச் சுற்றி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இன்று இச்சொல் புதியதன்று. அவ்விரவில் அமெரிக்க நகரங்களில் நற்பணி நிதிக்காக நடத்தப்பெறும் ஒருவகைத் திரைப்படக் காட்சியைக் குன்றத்தூரில் நின்று நோக்கினால் என்ன தோன்றும் என்பதே இங்கு நம் ஆராய்ச்சி.

அக்காட்சிக்கு மூலமான படம் 1975இல் ஜிம் ஷார்மன் இயக்கத்தில் வெளிவந்த 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'. முதல் வெளியீட்டில் அது தோல்வியுற்றது. 1976இல் நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாக மீண்டும் திரையிடப்பெற்றபோது அதன் வரலாறு மாறியது. திரையிலுள்ளோர் பேசும் பேச்சுக்கு அரங்கிலுள்ளோர் மறுமொழி கூவத் தொடங்கினர். திருமணக் காட்சியில் அரிசி எறிந்தனர்; மழைக்காட்சியில் செய்தித்தாளைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் நீர் தெளித்தனர். நாளடைவில் கதைமாந்தரைப் போலவே உடையணிந்த குழுவினர் திரைக்கு முன்னே நின்று படம் முழுவதையும் நடித்துக் காட்டும் வழக்கமும் தோன்றியது. அரை நூற்றாண்டாக அரங்குகளை விட்டு நீங்காத படம் அது. படம் என்ற அளவில் அதனைச் சிறந்தது என நான் கூறமாட்டேன். நையாண்டி பல இடங்களில் தளர்ந்து தொங்குகிறது. ஆனால் அத்தளர்ந்த இடைவெளிகளே கூட்டத்தின் குரலுக்கு இடமளித்தன. ஆண்மை பெண்மை பற்றிய வழக்கமான வரையறைகளுக்குள் அடங்காமையால் வீட்டிலும் ஆலயத்திலும் இடம்பெறாத இளைஞர் பலருக்கு அந்த நள்ளிரவு அரங்கு புகலிடமாயிற்று என்பதையும் திருச்சபை வெட்கத்துடன் கேட்டறிய வேண்டும்.

திரையோடு உரையாடும் கூட்டம் தமிழருக்கு வியப்பன்று. முதல்நாள் முதற்காட்சியில் நாயகனின் பெயர் எழுத்துகளாகத் தோன்றும்போதே காகிதத் துண்டுகள் பறக்கின்றன. 2004இல் வந்த 'கில்லி' 2024 ஏப்ரலில் மீண்டும் வெளியிடப்பெற்றபோது, மனப்பாடமான வசனங்களை நடிகருக்கு முன்பே அரங்கம் சொல்லியது. 1998இல் ஜப்பானில் திரையிடப்பெற்ற 'முத்து' அங்கே வெற்றிபெற்றது. இந்தியப் படங்களைக் கைத்தாளத்துடனும் காகிதத் துகள்களுடனும் கண்டுகளிக்கும் காட்சிகளுக்கு ஜப்பானியர் 'மசாலா' என்றே பெயரிட்டுள்ளனர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கூட்டம் தான் நேசிக்கும் படத்தைக் கேலி செய்கிறது. நம் கூட்டம் நாயகனின் உருவத்துக்குப் பாலூற்றுகிறது. இத்தகைய படங்களைக் குறிக்கும் 'கல்ட்' என்னும் சொல் வழிபாடு என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அச்சொல்லை அமெரிக்கர் விளையாட்டாகவும் நாம் மெய்யாகவும் எடுத்துக்கொண்டோம் போலும். விக்கிரக ஆராதனை எங்கே என்று தேடும் இறையியலார் பேய் முகமூடியை விட்டுவிட்டுக் கட்-அவுட்டை நோக்குவது நன்று.

ஆரவாரம் என்பதாலேயே இதனை ஒதுக்குவோரிடம் ஒன்று கேட்கலாம். நம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவோர் ஒரு பூசணிக்காய்க்கு என்ன விலை கூறுகிறார்? எதிர்க்குரல் எழும்ப எழும்ப, சந்தையில் அற்ப விலைக்குக் கிடைக்கும் காய் பல மடங்கு விலைக்குப் போகிறது. அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அந்தப் பணம் ஆலயத்தைச் சேர்கிறது. மார்கழிக் குளிரில் கீத பவனி செல்லும் வாலிபர் நடுவே முகமூடியணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்கு வீடு ஆடுகிறார், குழந்தைகள் அலறுகின்றன, காணிக்கை உறை வருகிறது. வேடமும் வீடுதோறும் சென்று கேட்டலும் ஹாலோவீனுக்கு மட்டும் உரியவை அல்ல. 1950இல் பிலடெல்பியாவில் பிரெஸ்பிட்டேரியன் போதகர் கிளைட் ஆலிசனும் அவர் மனைவி மேரி எம்மாவும் அவ்விரவில் மிட்டாய் கேட்டுச் செல்லும் சிறுவரை, உலகக் குழந்தைகளுக்காக நாணயம் கேட்கவும் பழக்கினர். யூனிசெஃப் அமைப்புக்கான அத்திரட்டு இன்றும் தொடர்கிறது. எனவே கேளிக்கையும் ஈகையும் ஒன்றையொன்று விலக்குவன என்று கூற இயலாது.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. தெலுங்கு நாட்டில் வெளியீட்டுக்கு முந்திய சிறப்புக் காட்சிக்கு இன்றளவும் 'பெனிஃபிட் ஷோ' என்றே பெயர். நற்பணிக்கான காட்சி என்பது சொல்லின் பொருள். ஆனால் அதன் மிகையான நுழைவுக் கட்டணம் எந்த ஏழைக்கும் போவதில்லை. ஈகை வெளியேறிய பின்பும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 2024 டிசம்பர் 4ஆம் நாள் இரவு ஹைதராபாத்தின் சந்தியா அரங்கில் அத்தகைய காட்சியின் நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். 2023 ஜனவரியில் சென்னைக் கோயம்பேட்டில் நள்ளிரவுக் காட்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் ஓடும் லாரிமேல் ஏறி ஆடி விழுந்து மாண்டார். கூட்டத்தின் களிப்பைப் பிறர் தம் வருவாய்க்குப் பயன்படுத்தும்போது அதன் விலையைக் கூட்டமே செலுத்துகிறது.

இங்கு லூத்தர் நமக்குத் துணையாகிறார். ஏழைக்குக் கொடுப்பவனும் தேவையுற்றவனுக்குக் கடன் கொடுப்பவனும் மன்னிப்புச் சீட்டு வாங்குபவனைக் காட்டிலும் நற்செயல் புரிகிறான் என்பது அவரது 43ஆம் கருத்துரையின் சாரம். புனித பேதுரு பேராலயக் கட்டடப் பணிக்கு என்று சொல்லித் திரட்டிய பணத்தில் பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் வட்டிக்கடைக்குப் பட்ட கடனைத் தீர்க்கச் சென்றதைப் பணம் கொடுத்த மக்கள் அறியவில்லை. நிதிக்காட்சிக்குச் சீட்டு வாங்குபவர் இன்பத்தையும் நிம்மதியையும் ஒரே விலைக்குப் பெறுகிறார். வறியவரின் முகத்தை அவர் காண்பதில்லை. வறியவரும் அவரைக் காண்பதில்லை. எக்காளம் ஊதிச் செய்யும் தருமத்தை இயேசு கண்டித்தது ஓசையைப் பற்றி மட்டுமன்று.

அரிசியை எடுத்துக்கொள்வோம். திரைத் திருமணத்தின்மீது எறியப்படும் அரிசி நமது அட்சதையை நினைவூட்டுவதால் முதலில் இனிமையாகவே தோன்றும். துப்புரவு கருதி இன்று அரங்குகள் பல அதனைத் தடை செய்துள்ளன; வேறு சில, எறியத்தக்க பொருள்களைப் பையிலிட்டு விற்று அதனையும் நிதியில் சேர்க்கின்றன. ஆயினும் பசித்தோருக்கெனத் திரட்டும் இரவில் அரிசி காலடியில் மிதிபடுவதைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண் எவ்வாறு காண்பாள்? உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு, அதனை ஊழியத்துக்கெனக் கொடுத்த 'பிடியரிசி'க் காணிக்கை அவள் பாட்டியின் வழக்கம். நாள்தோறும் குடும்பத்தின் உணவில் ஒரு பிடி குறைந்தது. கொடுத்தவள் அக்குறைவைத் தன் வயிற்றில் அறிந்தாள். குன்றத்தூரிலே பிறந்த சேக்கிழாரும் இதனை அறிந்திருந்தார். அவர் பாடிய இளையான்குடி மாறனார், மழை பெய்யும் இரவில் விருந்தினருக்கு உணவளிக்க வழியின்றி, அன்று பகலில் விதைத்த நெல்லை இருளில் வயலிலிருந்து வாரிக் கொணர்ந்தார். விறகுக்கு வீட்டுக் கூரையின் மரத்தையே அறுத்தார். அங்கும் இரவு, அங்கும் மழை, அங்கும் நெல். சைவப் பெருநூலின் இக்காட்சி, செய்தித்தாள் குடைபிடித்து அரிசி இறைக்கும் கூட்டத்தை என் கண்ணில் மிகச் சிறியதாக்கிவிடுகிறது. கொடுப்பவர் எதையும் இழக்காத கொடையை ஈகை என்பதா, வாணிகம் என்பதா?

இனிக் குன்றத்தூருக்கு வருவோம். மலைமேல் முருகன் கோயில் நிற்க, கீழே சாலைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலைப் பேருந்துகளைக் கொண்டு செல்கின்றன. காரும் கைப்பேசியும் உருவாகும் இவ்வட்டாரத்தில் தொலைவான மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி முறைப்பணி செய்கின்றனர். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பகுதி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனை சேர்ந்தபோது, அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது நன்கொடையன்று. உண்ணத்தக்க சோறும் உறங்கத்தக்க இடமும். இத்தகையோருக்காக நிதிக்காட்சி நடத்தி, விடுதிக்குப் போர்வை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. உரிமையின் இடத்தில் இரக்கத்தை வைத்துவிடும் ஆபத்து அதில் உண்டு.

ஆயினும், விழாவற்ற அவ்வாழ்வுக்குச் சிரிப்பு வேண்டாம் என்று கூற நான் யார்? நம் வாலிபர் ஐக்கியம் ஒன்று இத்தகைய காட்சியை நடத்த முன்வந்தால் நான் தடுக்கமாட்டேன். படத்தையும் நேரத்தையும் மாற்றச் சொல்வேன். நள்ளிரவு இம்மரபுக்கு உயிராக இருக்கலாம். விடுதிப் பெண்ணுக்கு அது கதவடைத்த பின்னுள்ள நேரம். வார விடுமுறையின் பிற்பகலே அவளுக்கு வாய்க்கும். அவளைப் பயனாளி எனக் குறிப்பேட்டில் எழுதாமல், சீட்டு வாங்கி உட்காருபவளாகவும் திரைக்கு முன் நின்று நடிப்பவளாகவும் அழைக்க வேண்டும். திரண்ட நிதி உணவுக்கா, சட்ட உதவிக்கா, ஊருக்குச் செல்லும் நோயாளியின் பயணத்துக்கா என்பதை அவளும் அவள் தோழியரும் முடிவு செய்யட்டும். வரவு செலவைக் கூட்டம் கலையுமுன் அவ்வரங்கிலேயே உரக்க வாசிக்கலாம். இரண்டு மணி நேரம் திரைக்கு மறுமொழி கூவிப் பழகிய கூட்டம் கணக்குக்கும் மறுமொழி கூவும்.