மருந்தடித்த வயலில் கீரை

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில், கிணைப்பறை கொட்டும் குடும்பத்துக் கிணைமகள் ஒருத்தி குப்பைமேட்டு வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அயலார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் உண்கிறது. இன்று அத்தகைய கீரைகளைப் பறித்துப் படம் எடுத்துப் போடுகிறோம். மாற்றம் நல்லதுதான். ஆனால் புகழெல்லாம் செடிக்கே போகிறது. பறித்த கை யார் நினைவிலும் இல்லை.

தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை எல்லாம் பெரும்பாலும் புன்செய்க் களைகள். சோளத்துக்கும் கடலைக்கும் களையெடுக்கப் போன பெண்கள் மாலையில் மடியில் கட்டி வந்தவை. விதையில்லை, பாய்ச்சலில்லை, நிலமில்லாத வீட்டிலும் இரும்புச்சத்து சேர்ந்தது. மழைக்குப் பின் பலவகை ஒரே சட்டியில் கடையப்பட்டதிலும் ஒரு நன்மை உண்டு. சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் மிகுதி. கலந்து தின்னும்போது எந்த ஒன்றும் அளவு மீறுவதில்லை. வேகவைத்த நீரை இறுத்தால் ஆக்சலேட் இன்னும் குறையும்.

செடி தெரிந்து பக்குவம் தெரியாவிட்டால்? 1861இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக்கரையில் ஆய்வுப் பயணிகளான பர்க்கும் வில்ஸும், நம் ஆரைக்கீரைக்கு உறவான நார்டூவின் வித்துகளை அரைத்துத் தின்றும் மெலிந்தே செத்தார்கள். பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி அதில் உண்டு. அதுவே காரணமாகலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர் சிலரின் கணிப்பு. அப்பகுதிப் பழங்குடிகளோ அதைப் பதப்படுத்தித் தலைமுறைகளாக உண்டவர்கள்.

அந்த மாதிரி ஆபத்துக்கு நம் ஊர்ப் பாட்டிகளிடம் விடை இருந்தது. செங்காந்தள் கிழங்கைத் தொடக்கூடாதென்று அவர்களுக்குத் தெரியும். களைக்கொல்லிக்குத்தான் அவர்களிடம் விடையில்லை. கிளைபோசேட் பட்ட செடி வாடச் சில நாளாகும். மறுநாள் பார்த்தால் தளதளவென்றே நிற்கும். சாக்கடை கலக்கும் ஏரியின் பொன்னாங்கண்ணியும் கண்ணுக்கு அழகுதான். களையெடுக்க ஆள் கிடைக்காமல் மருந்துக்குப் போன விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தெளிப்பிலும் ஒருத்தியின் கூலியும் அவள் வீட்டுக் குழம்பும் சேர்ந்தே போகின்றன.

நகரவாசிகளைக் கூட்டிப்போய்க் கீரை அடையாளம் காட்டும் நடைகளை, இதையெல்லாம் மீறி, நான் ஆதரிக்கிறேன். இலையைக் காட்டுமுன் இந்த நிலத்தில் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். அதற்குச் சரியான பதில் பெரும்பாலும் அங்கே வேலை செய்யும் பெண்ணிடம்தான் இருக்கும். நடைக் கட்டணத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.