மின்ரயிலில் நடக்கும் மறுஆட்டம்

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி ஆட்டம் முடிந்ததும், சேலையூர்ப் பையன்களுக்கு இன்னொரு ஆட்டம் பார்க் ஸ்டேஷனில் தொடங்கும். தாம்பரம் வண்டி கிளம்பியதுமே "மச்சி, அது பெனால்ட்டிடா!" என்று ஒரு குரல். எழும்பூருக்குள் ரெஃப்ரி காலி, மாம்பலம் வருவதற்குள் லெஃப்ட் பேக்கும் காலி.

இந்தச் சண்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கத்துகிறவர்கள் விதி தெரிந்து கத்துகிறார்கள்.

2023 மார்ச் 3 பெங்களூரு–கேரளா ஆட்டத்தை இவர்கள் இன்னும் விடவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உள்ளே அனுப்பினார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். கேரளா அணி களத்தை விட்டே வெளியேறியது. பிறகு 4 கோடி ரூபாய் அபராதம். சீட்டில் தண்ணீர் பாட்டிலைப் பந்தாக வைத்து, இரண்டு செல்போனைச் சுவராக நிறுத்தி ஒருவன் விளக்குவான். விசிலுக்குக் காத்திருக்க ரெஃப்ரி சொன்னாரா என்பதுதான் வழக்கே. சொல்லியிருந்தால் கோல் செல்லாது, இல்லையென்றால் செல்லும்.

குரோம்பேட்டையில் ஆரம்பித்த இந்த வழக்கு சேலையூர் டீக்கடை வரை நீளும். என்னைக் கேட்டால், ரெஃப்ரி தப்பே செய்திருந்தாலும் கேரளா ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போயிருக்கக் கூடாது.