அம்ராம் உடுத்திய உடுப்பு

யதீம்களின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளருக்கு யூத சட்டத்தில் 'அபோத்ரோபோஸ்' என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தந்தையே மரணத்துக்கு முன் ஒருவரை வைத்திருக்கலாம்; இல்லாவிட்டால் 'பேத் தீன்' எனும் நீதிமன்றம் நியமிக்கும். பிள்ளைகள் வளர்ந்து சொத்து கைமாறும்போது, "நான் ஒன்றும் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டியவர் இருவரில் யார்? தல்மூதின் 'கிட்டீன்' பகுதியில் (அது தலாக் பற்றிய பகுதி; இந்தப் பேச்சு அதற்குள் எப்படியோ நுழைந்துவிட்டது) இதுதான் வழக்கு.

தந்தை வைத்தவரே சத்தியம் செய்ய வேண்டும் என்கிறது மிஷ்னா. அப்பா ஷாவுல் என்ற அறிஞர் நேர்மாறாகச் சொல்கிறார். முதற் கருத்தின் நியாயம் இது: மௌத்தானவரிடம் ஏதோ பலன் காணாமல் ஒருவர் இந்தச் சுமையை ஏற்றிருக்க மாட்டார், சத்தியம் கேட்டாலும் விலக மாட்டார். நீதிமன்றத்துக்காகச் சும்மா ஏற்றவரோ, "எனக்கு ஏன் இந்தத் தொல்லை?" என்று போய்விடுவார். அப்பா ஷாவுல் மனிதரை இன்னும் கூர்மையாகப் பார்க்கிறார். நீதிமன்றம் தேர்ந்தெடுத்தாலே 'நம்பிக்கையான ஆள்' என்று ஊரில் பெயர் வந்துவிடும். அந்தப் பெயரே கூலி. சத்தியத்துக்குப் பயந்து அதை யார் விடுவார்? மைமோனிடஸின் சட்டத் தொகுப்பும் நீதிமன்றம் வைத்தவரிடமே சத்தியம் கேட்கிறது.

யார் களவெடுப்பார் என்று இரு தரப்பும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? யார் விலகி ஓடுவார் என்பதே அவர்களுடைய கவலை. களவை விட, ஆள் கிடைக்காமல் போவதற்கே அதிகம் பயந்திருக்கிறார்கள்.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அதே பகுதி மறைக்கவில்லை. சாயம் போடும் அம்ராம் என்பவர் யதீம்களின் பொறுப்பாளர். உறவினர்கள் ரப் நஹ்மானிடம் வந்து, "யதீம்கள்ட சொத்துலதான் உடுத்துறான்" என்று முறையிடுகிறார்கள். "அவர் பேச்சை நாலு பேர் மதிக்க வேண்டுமே" என்கிறார் நீதிபதி. சரி, ஒப்புக்கொள்ளலாம். "வசதியில்லாத ஆள், அவங்கடதுலதான் திண்டு குடிக்கிறான்." "ஏதாவது கண்டெடுத்திருப்பார்." இது எனக்குச் செரிக்கவில்லை. "சொத்தை அழிக்கிறானே!" "சாட்சி கொண்டு வாருங்கள், நீக்கிவிடுகிறேன்."

அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை அறிந்த வாசகருக்கு இந்த இடம் உறுத்தும். வசதியற்ற பொறுப்பாளர் நியாயமான அளவில் உண்ணலாம் என்று அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கண்டெடுத்த பொருளைக் கற்பனை செய்யத் தேவையில்லை. சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கச் சொல்வதும் பொறுப்பாளரிடமே. நஹ்மானின் மன்றில் சாட்சி தேடி அலைய வேண்டியவர்கள் முறையிட்டவர்கள். அவர்களும் சொத்தின் மேல் கண் வைத்த உறவினர்தானோ என்னவோ. யதீம்கள் மட்டும் அந்த உரையாடலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.