பதினோரு நாள் ஞாபகம்

"ஒரு மாசம் நிக்கும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியை மடக்கினார் கேமரா மாட்ட வந்த தம்பி. மாமாவின் மளிகைக்கடைக்கு நான்கு கேமரா, நான்கு சேனல் டிவிஆர் ஒன்று, அதற்குள் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். ஐந்தாவது வாரம் மாமா கூப்பிட்டார்: "மாப்ளே, போன லோடுல ஒரு எண்ணெய் டின் கொறையுது. வந்து அன்னைக்கு உள்ள படத்தப் போடு." லோடு இறங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பிளேபேக்கில் அந்தத் தேதியைத் தட்டினால் ஒன்றுமே இல்லை. பெட்டிக்குள் இருந்த ஆகப் பழைய பதிவுக்கே வயது பதினோரு நாள்தான்.

பெட்டியில் பழுதில்லை. டிஸ்க் நிறைந்ததும் பழசின் மேல் புதுசை எழுதிக்கொண்டே போவது அதன் பிழைப்பு. எத்தனை நாள் தாங்கும் என்பதை மளிகைக் கணக்கு மாதிரிப் போட்டுவிடலாம். மெனுவில் கேமராவுக்குப் பிட்ரேட் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்திருந்தார்கள். அதை எட்டால் வகுத்து, ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு நாளொன்றுக்கு 86 ஜிபி சொச்சம். 1,000 ஜிபி டிஸ்க்கில் பதினொன்றரை நாள். தம்பியிடம் கேட்டேன். "மோஷன்ல போட்டா ஒரு மாசம் நிக்கும் சார்" என்றார். போட்டுத் தரவில்லை.

சரி, மோஷனில் போட்டுப் பார்த்தேன். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும். பகலில் ஒழுங்காக நடந்தது. ராத்திரி, வாசல் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குச் சிலந்தி வந்தது, லென்ஸுக்கு முன்னால் வலை வந்தது. காற்றில் அந்த வலை ஆட ஆட விடிய விடியப் பதிவு. மறுநாள் துடைப்பத்தோடு ஏறினேன்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியையும் கழற்றிப் பார்த்தேன். முக்கால்வாசி காலி. ஓரமாக நான்கு திருகாணியில் டிஸ்க், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டின் கீழ் ஒரு சிப், பக்கத்தில் பட்டன் பேட்டரி. கேமராவிலிருந்து 3+1 கேபிளில் வருவது அனலாக் சிக்னல். அதை எண்களாக்கி, சுருக்கி, டிஸ்க்கில் எழுதுகிற வேலை முழுவதும் அந்தச் சிப்புக்கு. என்விஆர் என்கிற இன்னொரு வகைப் பெட்டி என்றால் சுருக்கும் வேலை கேமராவிலேயே முடிந்து, நெட்வொர்க் ஒயரில் வந்து சேரும்.

சுருக்குவதில்தான் சூட்சுமம். எல்லாப் படத்தையும் முழுசாக எழுதினால் டிஸ்க் ஒரு நாள்கூடத் தாங்காது. இந்தப் பெட்டி இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம் எழுதுகிறது. நடுவில் வருவதற்கெல்லாம் முந்தைய படத்திலிருந்து மாறியது எதுவோ அது மட்டும். பருப்பு மூட்டை மாறாது, சுவர் மாறாது. எங்கள் கடையில் மாறிக்கொண்டே இருந்தது கல்லாவுக்குப் பின்னால், ஃபேன் காற்றில் படபடத்த தினசரிக் காலண்டர்! பிட்ரேட்டில் பாதி அதற்கே போயிருக்கும் என்று மாமாவைக் கிண்டல் செய்தேன். சுருக்கும் முறை எச்.264 என்றிருந்ததை எச்.265-க்கு மாற்றினால் ஏறத்தாழ அதே தெளிவுக்குப் பாதி இடம் போதும். 2013-லேயே வந்துவிட்ட முறை. மெனுவில் இருந்தும் யாரும் தொடவில்லை.

பழசின் மேல் புதுசை எழுதும் இந்தச் சுழல் பதிவு டிவி பார்ப்பவர்களுக்குப் புதிதில்லை. 1999-இல் அமெரிக்காவில் டிவோ பெட்டி வந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்ததும் இதே தந்திரத்தால்தான். நம் ஊருக்கு டாடா ஸ்கை பிளஸ் 2008-இல் வந்தது. டிடிஎச் சிக்னல் சுருங்கியே வருவதால் அந்தப் பெட்டி அதை அப்படியே எழுதிவிடும். ஆனால் அந்தப் பதிவு பெட்டியோடு பூட்டப்பட்டது. கடைப் பெட்டி பென்டிரைவில் தாராளமாக எடுத்துத் தருகிறது. எம்பி4 என்று தேர்ந்தெடுக்க மறந்தால் மட்டும் வேறெங்கும் திறக்காத ஒரு கோப்பு வரும்.

டிஸ்க்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க் ஓரிடத்தில் படிக்க முடியாமல் போனால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். கண்காணிப்புக்கென்று வரும் டிஸ்க் அங்கே நிற்காது. நான்கு கேமரா படம் வரிசையில் நிற்கும்போது அதுதான் சரி.

எனக்குப் பிடிக்காதது பெட்டியின் கடிகாரம். ஐந்து வாரத்தில் ஒன்பது நிமிடம் பிந்தியிருந்தது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி இந்தப் பதிவைச் சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒன்பது நிமிடம் போதாதா? இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி வசதியை இயக்கிவிடுங்கள். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டோடே கிடந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் படையாகத் திரட்டித்தான் இணையத்தையே ஆட்டிவைத்தது.

மெனுவின் அடியில் இன்னொரு கட்டம் உண்டு: பதிவு எத்தனை நாளில் காலாவதியாக வேண்டும் என்பது. டிஸ்க்கில் இடம் இருந்தாலும் அந்த நாள் வந்ததும் அழித்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் எழுதியது இதைத்தான்: டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கும்படி உத்தரவிட்டது. எங்கள் கடைக் கணக்கில் அதற்கு 47 டெராபைட் வேண்டும்.

மளிகைக்கடைக்கு அவ்வளவு தேவையில்லை. எச்.265, நொடிக்கு 1 மெகாபிட், முழுநேரப் பதிவு என்று வைத்தேன். இருபத்து மூன்று நாள் நிற்கிறது. வாசலில் வருபவர் முகம் தெளிவு. எதிர்ச்சாரி வண்டியின் நம்பர் படிக்க முடியாது, முன்பும் முடியாது. செல்போன் ஆப் திறக்கத் தாமதிக்கிறது. எண்ணெய் டின் இன்னும் கிடைக்கவில்லை. காலண்டரைக் கழற்றச் சொன்னதற்கு மாமா ஒப்பவில்லை. அட்டையின் கீழ்மூலை இரண்டிலும் செல்லோடேப் ஒட்டிவிட்டு, "இப்ப ஆடாது, பாத்துக்கோ" என்றார்.